படிவம் கொடுக்கும் முன் பேச ஆள் இருக்கிறாரா?

ஆசிரியருக்கு வணக்கம்.

பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் மனநல ஸ்கிரீனிங் (வினாப்படிவம் கொடுத்து, நோய் இருக்கக்கூடியவர்களைச் சலித்தெடுப்பது) வேண்டும் என்ற குரல் உங்கள் வாசகர் பக்கத்தில் அடிக்கடி கேட்கிறது. கோரிக்கையோடு எங்களுக்குச் சண்டை இல்லை. ஆனால் கேட்பவர்களில் பெரும்பாலோர் படிவத்தைக் கொடுப்பதோடு நின்றுவிடுகிறார்கள். படிவம் பத்து நிமிட வேலை. அது நிரம்பித் திரும்பி வந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. குழந்தைகள், இளையோர் மனநலத்தில் பணிபுரிபவர்கள் என்ற முறையில் அந்தப் பிற்பாதியைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம்.

எல்லோரும் எடுத்துக்காட்டுவது அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2022 அக்டோபரில் வெளியிட்ட பரிந்துரையை. பதற்றக் கோளாறுக்கு 8 முதல் 18 வயது வரையும், மனச்சோர்வுக்கு 12 முதல் 18 வயது வரையும் அறிகுறி எதுவும் தெரியாத பிள்ளைகளையும் பரிசோதிக்கலாம் என்றது அது. அதே பரிந்துரையின் மறுபக்கத்தை யாரும் எடுத்துக்காட்டுவதில்லை. 7 வயதுக்கும் அதற்குக் கீழும் பதற்றத்துக்கு, 11 வயதுக்கும் அதற்குக் கீழும் மனச்சோர்வுக்கு, எந்த வயதுப் பிள்ளைக்கும் தற்கொலை அபாயத்துக்கு என மூன்றிலும் சாதகமாகவோ பாதகமாகவோ சொல்லப் போதிய சான்று இல்லை என்றே குழு எழுதியது. எத்தனை மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதிப்பது என்பதற்கும் சான்று இல்லை. பரிந்துரைத்த வயதுகளில்கூட, ஸ்கிரீனிங் செய்த பிள்ளைகள் செய்யாதவர்களைவிட நலமடைந்தார்கள் என்று நேரடியாகக் காட்டும் ஆய்வு குழுவின் கையில் இல்லை. வினாப்பட்டியல்கள் ஓரளவு சரியாகக் கண்டுபிடிக்கின்றன, கண்டுபிடித்தால் கொடுக்கச் சிகிச்சை இருக்கிறது என்ற இரண்டையும் இணைத்துத்தான் முடிவுக்கு வந்தார்கள். ஆக, சிகிச்சை என்ற கண்ணி இல்லாத இடத்தில் அந்தப் பரிந்துரையும் பொருந்தாது. உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சனும் யுங்னரும் ஸ்கிரீனிங்குக்கென 1968-இல் வகுத்த பத்து விதிகளில் ஒன்றும் இதையே சொல்கிறது: நோயைக் கண்டறிந்து சிகிச்சை தரும் வசதி கையில் இருக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12 வயதைத் தாண்டிய 1,000 மாணவர்கள். அவர்களில் 80 பேருக்கு உண்மையிலேயே மனச்சோர்வு நோய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மனச்சோர்வுக்கு உலகெங்கும் அதிகம் பயன்படும் பி.எச்.க்யூ-9 படிவத்தைக் கொடுக்கிறோம். ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. பெரியவர்களுக்கு வழக்கமான வெட்டுமதிப்பெண் (இதை எட்டினால் மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்ற எல்லை) 10. வளரிளம் பருவத்தினரிடம் சோதித்த ஒரு ஆய்வு 11-ஐப் பொருத்தமாகக் கண்டது. அந்த அளவில், நோய் உள்ளவர்களில் 89.5 சதவீதத்தினரைப் படிவம் பிடிக்கும். நோய் இல்லாதவர்களில் 77.5 சதவீதத்தினரைச் சரியாக விலக்கும். கேட்க நல்ல எண்கள்தான். நம் 1,000 பேரில் அவை என்ன ஆகின்றன? 80 பேரில் 72 பேர் பிடிபடுவார்கள், 8 பேர் நழுவுவார்கள். மீதி 920 பேரில் 207 பேர், நோய் இல்லாமலே, வெட்டுமதிப்பெண்ணைத் தாண்டுவார்கள். சல்லடையில் நிற்பவர்கள் 279 பேர். அவர்களில் நோய் உள்ளவர்கள் நான்கில் ஒருவர்.

இது படிவத்தின் குற்றம் அல்ல, சல்லடையின் இயல்பு. நான்கில் எந்த ஒருவர் என்பதை நேரில் உட்கார்ந்து பேசித்தான் பிரிக்க முடியும். ஒருவருக்கு முக்கால் மணி நேரம் என்றால் 279 பேருக்கு ஏறத்தாழ 209 மணி நேரம். ஒரு ஆலோசகர் ஒரு நாளில் ஐந்து பேரைக் கவனமாகப் பார்க்க முடியும் (அதற்கு மேல் பார்ப்பவர் கேட்பதை நிறுத்திவிடுகிறார்). அப்படியானால் 56 வேலை நாட்கள். ஒரே ஆலோசகரை வைத்துக்கொண்டு ஒரே நாளில் 1,000 படிவம் கொடுக்கும் பள்ளியில், கடைசிப் பிள்ளையின் முறை வர மூன்று மாதம் ஆகும். அந்தப் பிள்ளை தாளில் என்ன எழுதியிருந்தது என்று அதுவரை யாருக்கும் தெரியாது.

எனவே முதலில் பேசப்போகும் ஆட்களின் மணிகளை எண்ண வேண்டும், பிறகுதான் படிவங்களை அச்சடிக்க வேண்டும். 40 பேர் உள்ள ஒரு வகுப்பில் 11 பேர் அளவுக்குச் சல்லடையில் நிற்பார்கள். இரண்டு ஆலோசகர்கள் இருந்தால் ஒரு வகுப்புக்கு இரண்டு நாள் பிடிக்கும். ஒரு வகுப்பை முடித்த பிறகே அடுத்த வகுப்புக்குப் படிவம் போக வேண்டும். மெதுவாகத் தெரியும். பரவாயில்லை.

நேரத்தை மிச்சப்படுத்த முதல் இரண்டு கேள்விகளை மட்டும் கேட்கும் பி.எச்.க்யூ-2 போதுமே என்பார்கள். அதில் ஒன்பதாவது கேள்வி இல்லை என்பதை மறந்துவிடுகிறார்கள். சாவதே மேல் என்ற எண்ணமோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமோ கடந்த இரண்டு வாரத்தில் வந்ததா என்று கேட்பது அந்தக் கேள்வி. அதை மொத்த மதிப்பெண்ணோடு சேர்த்துப் படிக்கக் கூடாது. மொத்தம் 6, ஆனால் ஒன்பதாவதில் 1 என்று எழுதும் பிள்ளை உண்டு. மொத்தத்தை மட்டும் கணினியில் ஏற்றுபவர் கண்ணில் அந்தப் பிள்ளை படாது. அதனால் படிவங்களைச் சேகரித்த உடனே, கூட்டல் போடும் முன், ஒருவர் எல்லாத் தாளிலும் ஒன்பதாவது வரியை மட்டும் புரட்டிப் பார்க்க வேண்டும். 40 தாளுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. 0 தவிர வேறு எது இருந்தாலும் அன்றைக்கே, பள்ளி விடும் முன், அந்தப் பிள்ளையோடு பேச வேண்டும். வாரத்தின் கடைசி நாளிலும் விடுமுறைக்கு முந்தைய நாளிலும் படிவம் கொடுக்கக் கூடாது என்பது இதனால்தான். காலை முதல் பாடவேளையே சரி.

பேசும்போது என்ன கேட்பது? தற்கொலை அபாயத்தைக் கேட்டறிய அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனம் வகுத்த ஏ.எஸ்.க்யூ இதற்கு நல்ல துணை. நான்கு கேள்விகள், கேட்க அரை நிமிடம்கூட ஆகாது. கடந்த சில வாரங்களில் இறந்துபோயிருக்கலாம் என்று விரும்பியதுண்டா? நீ இல்லாவிட்டால் உனக்கோ வீட்டாருக்கோ நல்லது என்று தோன்றியதா? கடந்த ஒரு வாரத்தில் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்ததா? எப்போதாவது முயன்றதுண்டா? ஒன்றுக்கு 'ஆம்' வந்தாலும் ஐந்தாவது கேள்வி: இப்போது, இந்த நேரத்தில், அந்த எண்ணம் இருக்கிறதா? அதற்கும் 'ஆம்' என்றால் பிள்ளையைத் தனியே விடக் கூடாது. முழு மதிப்பீடு செய்யக்கூடியவரிடம் உடனே ஒப்படைக்க வேண்டும். 'இல்லை' என்றாலும் அன்றைக்கே ஒரு பாதுகாப்பு மதிப்பீடு வேண்டும். வீட்டாரை அழைத்து, ஆபத்து விளைவிக்கக் கூடியவற்றை அப்புறப்படுத்தச் சொல்ல வேண்டும். ஒன்பதாவது கேள்வியில் 0 எழுதிய பிள்ளை பாதுகாப்பாக இருக்கிறது என்றும் முடிவுகட்டிவிடக் கூடாது. தாளில் எழுதாததைப் பேச்சில் சொல்பவர்கள் உண்டு.

கேட்டால் எண்ணத்தை விதைத்ததாகிவிடாதா என்ற அச்சம் பெற்றோரிடமும் ஆசிரியர்களிடமும் இன்னும் இருக்கிறது. நியூயார்க் மாநிலத்தின் 6 பள்ளிகளில் 2,342 மாணவர்களிடம் நடந்த சோதனை 2005-இல் வெளியானது. தற்கொலை பற்றிக் கேட்கப்பட்டவர்கள், கேட்கப்படாதவர்களைவிட, உடனேயும் இரண்டு நாள் கழித்தும் அதிகம் கலங்கவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வு அறிகுறி இருந்தவர்களுக்குக் கேட்கப்பட்டது ஆறுதலாகவே இருந்தது.

படிவம் கொடுக்கும் விதத்திலும் நிறையக் கெடும். முதல் தவறு பெயரில்லாப் படிவம். ரகசியம் காப்பதாக நினைத்துப் பெயரை நீக்குகிறார்கள். ஒன்பதாவது வரியில் 3 எழுதிய தாள் கையில் இருக்கும், எழுதியது யார் என்று தெரியாது. பெயருக்குப் பதில் எண் போடலாம். ஆனால் எந்த எண் யாருடையது என்ற பட்டியல் ஆலோசகரிடம் மட்டும், பூட்டின் உள்ளே இருக்க வேண்டும். 'நீ எழுதுவதை ஆசிரியர்களிடம் காட்ட மாட்டோம். ஆனால் உன் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் வீட்டாரிடம் சொல்லியாக வேண்டும்' என்பதை எழுதத் தொடங்கும் முன் சொல்லிவிட வேண்டும். எழுதி வாங்கிக்கொண்ட பிறகு சொல்வது ஏமாற்று. பெற்றோரின் சம்மதமும் பிள்ளையின் இசைவும் தனித்தனி. இரண்டும் வேண்டும்.

இரண்டாவது, அதைக் 'கேள்வித்தாள்' என்று அழைப்பது. அந்தச் சொல் காதில் விழுந்ததும் பிள்ளை சரியான விடையைத் தேடும். பக்கத்து இருக்கையில் எட்டிப் பார்க்கும். இருக்கைகளைப் பிரித்துப் போட வேண்டும். கேள்வியைச் சத்தமாகப் படித்துக் கையைத் தூக்கச் சொல்வதைப் போன்ற கொடுமை வேறில்லை.

மூன்றாவது, காலம். படிவம் கேட்பது கடந்த 14 நாட்களை. தேர்வு வாரத்திலோ அது முடிந்த கையோடோ கொடுத்தால் தூக்கமின்மையும் பசியின்மையும் எல்லாத் தாளிலும் நிரம்பி வழியும். 'சில நாட்கள்', 'பாதிக்கு மேற்பட்ட நாட்கள்', 'ஏறக்குறைய தினமும்' என்ற விடைகளைப் பிள்ளைகள் ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொள்கிறார்கள். 2 முதல் 6 நாள், 7 முதல் 11 நாள், 12 முதல் 14 நாள் என்று கரும்பலகையில் எழுதி வைத்தால் அந்தக் குழப்பம் தீரும்.

நான்காவது, அழைக்கும் விதம். சல்லடையில் நின்றவர்களின் பெயரை ஒலிபெருக்கியில் படித்து அழைத்தால் அடுத்த ஆண்டு யாரும் உண்மையை எழுத மாட்டார்கள். வெட்டுமதிப்பெண்ணைத் தாண்டாதவர்கள் சிலரையும் கலந்து கூப்பிடுவது எளிய தீர்வு.

இனி மொழி. ஒரு தமிழ் நாளிதழுக்கு இதை எழுதக் காரணமே இதுதான். படிவங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பிறந்தவை. தமிழில் 'கவலை' என்பது வரப்போவதை எண்ணி அஞ்சுவதையும் குறிக்கும், நடந்துபோனதை எண்ணி வருந்துவதையும் குறிக்கும். பரீட்சையை நினைத்தாலும் கவலை, இறந்துபோன தாத்தாவை நினைத்தாலும் கவலை. பதற்றத்துக்கான படிவத்திலும் மனச்சோர்வுக்கான படிவத்திலும் அந்த ஒரே சொல்லைப் போட்டால் இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடும், எது எதைக் கண்டுபிடித்தது என்று பிரிக்க முடியாது. 'மன அழுத்தம்' இன்னும் மோசம். வேலைப்பளுவால் வரும் நெருக்கடிக்கும் அதே சொல், நோய்க்கும் அதே சொல். இதில் உங்கள் நாளிதழுக்கும் பங்கு உண்டு என்பதை வருத்தத்தோடு சொல்கிறோம். மனச்சோர்வு என்று எழுத வேண்டிய செய்திகளில் மன அழுத்தம் என்றே வருகிறது. அதே நேரம் 'மனச்சோர்வு' என்ற சொல்லைப் படிவத்தில் அப்படியே போட்டால் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் களைப்பு என்று படித்துக்கொள்கிறார்கள்.

பிள்ளைகள் வாயில் வருவது வேறு. 'மனசே சரியில்ல', 'எதுவும் பிடிக்கல', 'ஒரு மாதிரியா இருக்கு', 'எல்லார் மேலயும் எரிச்சலா வருது'. கடைசியானதைக் குறித்துக்கொள்ளுங்கள். டி.எஸ்.எம்-5 என்ற அமெரிக்க மனநோய் வகைப்பாட்டில், பிள்ளைகளுக்கு மட்டும், சோகத்துக்குப் பதில் எரிச்சலே முதன்மை அறிகுறியாக இருக்கலாம். அழாத பிள்ளைக்கு மனச்சோர்வு இல்லை என்று நினைக்கும் பெரியவர்கள் ஏமாறுவது இங்கேதான். 'செத்துப்போயிடலாம் போல இருக்கு' என்பதும் தமிழ்ப் பேச்சில் வெட்கப்பட்டாலும் வரும், அலுத்தாலும் வரும். பேச்சு வழக்கு என்று தள்ளவும் கூடாது, கேட்டதும் அலறவும் கூடாது. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரே கேள்வியில் எதிரும் புதிருமான இரண்டு விஷயங்கள் வருவதும் சிக்கல். பசியின்மை அல்லது அளவுக்கு மீறிச் சாப்பிடுவது. மந்தமாக நகர்வது அல்லது இருப்புக்கொள்ளாமல் அலைவது. எது பொருந்தினாலும் குறிக்கலாம் என்று சொல்லாவிட்டால் பிள்ளை இரண்டும் இல்லை என்று 0 போட்டுவிடும். மொழிபெயர்த்த பிறகு திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றிச் சரிபார்ப்பது வழக்கம். அது போதாது, ஏனென்றால் தேர்ந்த மொழிபெயர்ப்பாளர் மோசமான தமிழைப் பார்த்தும் மூலம் எதுவென்று ஊகித்துவிடுவார். எட்டுப் பத்துப் பிள்ளைகளை உட்காரவைத்து ஒவ்வொரு வரியையும் படிக்கச் சொல்லி, 'இது என்ன கேட்கிறது, உன் வார்த்தையில் சொல்' என்று கேட்டால் ஓட்டை எங்கே என்று அரை நாளில் தெரிந்துவிடும். வரிகளை 'எனக்கு', 'நான்' என்று எழுதினால் 'நீ'யா 'நீங்கள்'ளா என்ற தொல்லையும் இல்லை. ஆங்கிலத்தில் கண்ட வெட்டுமதிப்பெண் தமிழ்ப் படிவத்துக்குத் தானாகப் பொருந்திவிடாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பதற்றத்துக்கு ஸ்கேர்டு என்ற 41 கேள்விப் படிவம் 8 முதல் 18 வயதுக்கு ஏற்றது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2, மொத்தம் 82, 25-ஐத் தொட்டால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். பிள்ளைக்கு ஒன்று, பெற்றோருக்கு ஒன்று. திடீர்ப் பீதி, பொதுப் பதற்றம், பிரிவு அச்சம், சமூக அச்சம், பள்ளியைத் தவிர்த்தல் என ஐந்து பகுதிகள். மொத்தம் 25-ஐத் தொடாவிட்டாலும் பள்ளியைத் தவிர்க்கும் நான்கு கேள்விகளில் 3 வந்தால் விட்டுவிடக் கூடாது. 7 கேள்வி மட்டுமே கொண்ட ஜி.ஏ.டி-7 சற்று வளர்ந்த பிள்ளைகளுக்குப் போதும். வெட்டுமதிப்பெண் 10. ஆனால் பிரிவு அச்சத்தைப் பற்றி அதில் ஒரு கேள்வியும் இல்லை. பதற்றம் உள்ள பிள்ளை பெரும்பாலும் வகுப்பில் தொந்தரவு தராத பிள்ளை. ஆசிரியர் நல்ல பெயர் கொடுத்திருப்பார். படிவத்தையும் அழித்து அழித்து எழுதி, நேரத்துக்குள் முடிக்காமல் தரும். முடிக்காத தாளைக் குப்பையில் போடாதீர்கள்.

பெற்றோர் தாளும் பிள்ளை தாளும் முரண்பட்டால் எதை நம்புவது? முரண்படுவதே இயல்பு. ஆய்வாளர் ஆகன்பாக்கும் சகாக்களும் 119 ஆய்வுகளைத் தொகுத்து 1987-இல் காட்டியபடி, பிள்ளை தன்னைப் பற்றிச் சொல்வதற்கும் மற்றவர்கள் அதைப் பற்றிச் சொல்வதற்கும் உள்ள ஒட்டுறவு சராசரியாக 0.22 மட்டுமே (முழுதாக ஒத்துப்போனால் 1, தொடர்பே இல்லாவிட்டால் 0). மனத்துக்குள் நடப்பதைப் பிள்ளையும், வெளியே தெரிவதைப் பெற்றோரும் நன்றாகச் சொல்கிறார்கள். இரண்டின் சராசரியை எடுப்பது அபத்தம். எந்த ஒன்று வெட்டுமதிப்பெண்ணைத் தாண்டினாலும் பேச வேண்டும்.

அந்தப் பேச்சில் பார்க்க வேண்டியது மதிப்பெண்ணை அல்ல, அது பிள்ளையின் அன்றாடத்தை எவ்வளவு முடக்கியிருக்கிறது என்பதை. பி.எச்.க்யூ-9-இன் அடியில் மதிப்பெண் இல்லாத பத்தாவது கேள்வி ஒன்று அதற்காகவே இருக்கிறது. பலர் அச்சடிக்கும்போதே அதை வெட்டிவிடுகிறார்கள். தூக்கம் எத்தனை மணி நேரம்? யாராவது மிரட்டுகிறார்களா, தொடுகிறார்களா? படிக்கச் சிரமமா, பார்வையும் செவியும் சரியா? இரத்தசோகை, தைராய்டு கோளாறு சோர்வாகத் தெரியும். மிகைத் தைராய்டும் அளவுக்கு மீறிய காபியும் படபடப்பாகத் தெரியும். தூக்கமே தேவைப்படாமல் சில நாட்கள் அளவுகடந்த உற்சாகத்தில் இருந்ததுண்டா என்பதை மருந்து எழுதும் முன் கேட்டே ஆக வேண்டும். இருமுனைக் கோளாறு (சோர்வும் அளவுகடந்த உற்சாகமும் மாறி மாறி வரும் நோய்) உள்ளவருக்கு மனச்சோர்வு மருந்தை மட்டும் கொடுத்தால் மறுமுனைக்குத் தள்ளிவிடலாம். லேசாகத் தாண்டியவர்களுக்கு இரண்டு வாரம் கழித்து அதே படிவத்தை மறுபடி கொடுங்கள். பலருடைய மதிப்பெண் தானாக இறங்கியிருக்கும்.

உறுதியானவர்களுக்குக் கொடுக்க நம்பத்தக்க சிகிச்சை இருக்கிறது. 7 முதல் 17 வயது வரையிலான பதற்றக் கோளாறுள்ள 488 பிள்ளைகளிடம் 12 வாரம் நடந்த ஆய்வு 2008-இல் வெளிவந்தது. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்ற பேச்சுச் சிகிச்சையும் செர்ட்ரலின் என்ற மருந்தும் சேர்ந்து 80.7 சதவீதத்தினரைத் தெளிவாக முன்னேற்றின. பேச்சுச் சிகிச்சை மட்டும் 59.7, மருந்து மட்டும் 54.9, வெற்று மாத்திரை 23.7. மனச்சோர்வில் 439 பேரிடம் நடந்த 2004 ஆய்வில் அதே பேச்சுச் சிகிச்சையும் ஃப்ளூவாக்செட்டின் மருந்தும் சேர்ந்து 71 சதவீதம், மருந்து மட்டும் 60.6, பேச்சு மட்டும் 43.2, வெற்று மாத்திரை 34.8. பதற்றத்துக்குப் பேச்சு எவ்வளவு வலுவாக வேலை செய்கிறது, மனச்சோர்வில் அது எவ்வளவு குறைகிறது என்பதை இந்த எண்களே காட்டும்.

பதற்றத்துக்கான சிகிச்சையின் உயிர்நாடி, அஞ்சுவதைப் படிப்படியாகச் சந்திக்கவைப்பது. வகுப்பில் வாய்விட்டுப் படிக்க நடுங்கும் பிள்ளைக்குப் படிப்பதிலிருந்தே விலக்குக் கொடுப்பது இரக்கம்போலத் தெரியும், நோயை வளர்க்கும். முதலில் ஆலோசகரிடம் ஒரு வரி, பிறகு ஒரு நண்பரிடம், பிறகு நான்கு பேர் முன், கடைசியில் வகுப்பில் என்று படி ஏற்ற வேண்டும். ஸ்கிரீனிங்கில் பெயர் வந்த பிள்ளைகளுக்குப் பள்ளிகள் அள்ளி வழங்கும் விலக்குகள் அதனால்தான் எங்களைப் பயமுறுத்துகின்றன.

மருந்தைப் பற்றிய அச்சத்துக்குக் காரணம் 2004 அக்டோபரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மனச்சோர்வு மருந்துகளின் குறிப்பில் கறுப்புக் கட்டம் கட்டிச் சேர்க்கச் சொன்ன எச்சரிக்கை. 24 சோதனைகளைத் தொகுத்தபோது மருந்து எடுத்தவர்களில் 4 சதவீதத்தினரிடமும் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2 சதவீதத்தினரிடமும் தற்கொலை எண்ணமோ நடத்தையோ தெரிந்தது. அந்தச் சோதனைகளில் தற்கொலை மரணம் ஒன்றும் இல்லை. இதன் பொருள் மருந்தே கூடாது என்பதல்ல. முதல் சில வாரங்களும் அளவை மாற்றும் நாட்களும் பிள்ளையை அடிக்கடி நேரில் பார்க்க வேண்டும் என்பது. ஆக, மேலே எண்ணிய 209 மணி நேரத்தில் இந்தச் சந்திப்புகள் சேரவே இல்லை.

உங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். 'உங்கள் பிள்ளைக்கு மனச்சோர்வா? பத்துக் கேள்விகளில் அறியலாம்' என்ற பாணியில் இணைப்பிதழ்களில் பெட்டிச் செய்தி போடுவது வழக்கமாகிவிட்டது. போடுவதானால் மதிப்பெண் நோயைத் தீர்மானிக்காது என்பதையும், தற்கொலை எண்ணம் தொடர்பான கேள்விக்கு 'ஆம்' என்றால் மொத்தம் எவ்வளவு வந்தாலும் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதையும், அந்த நேரத்தில் அழைக்க ஓர் உதவி எண்ணையும் அதே பெட்டிக்குள், அதே எழுத்தளவில் அச்சிடுங்கள். பின்பக்கத்தில் தொடர்ச்சி போட வேண்டாம்.

இப்படிக்கு,
குழந்தைகள், இளையோர் மனநலப் பணியாளர்கள் சிலர்